பதினேழாம் கட்டத்துக் கத்திரிக்காய்

மனிதன் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று முடிவு செய்யும் பொறுப்பு ஆதியில் அவனவன் வாயிடம் இருந்தது. பிறகு வைத்தியரிடம் போனது. இப்போது கோவை கணபதியில், லேத் பட்டறை ஒன்றின் மாடியில் இயங்கிவரும் எங்கள் அலுவலகத்திடம் இருக்கிறது. கீழே இரும்பைக் கடைகிறார்கள். மேலே நாங்கள் கோப்புகளைக் கவனிக்கிறோம். அவர்கள் வேலை செய்யும் சத்தம் எங்களுக்கு நன்றாகக் கேட்கும். நாங்கள் வேலை செய்யும் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று அவர்களிடமிருந்து இதுவரை புகார் வரவில்லை.

அலுவலகத்தின் முழுப்பெயர் 'மரபணு மாற்று உணவுப் பாதுகாப்பு ஒப்பீட்டு மதிப்பீட்டு மண்டல அலுவலகம்'. பெயர் எழுத வந்த பெயிண்டருக்கு 'ஒப்பீட்டு' வரைக்கும் எழுதியதும் பலகை தீர்ந்துவிட்டது. மீதியைச் சுவரில் எழுதிவிட்டுப் போனார். என் பெயர் பிரகாசம். பதிவறை எழுத்தர். வருகிற கோப்புக்கு எண் போடுவதும் போகிற கோப்புக்கு எண் போடுவதும் என் வேலை. அலுவலகம் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. வருகிற எண் பதினோராயிரத்தைத் தாண்டிவிட்டது. போகிற எண் நாற்பத்திரண்டு.

போன தை மாதம் ஒரு விதைக் கம்பெனியின் விண்ணப்பம் வந்தது. வேனில் ஏற்றி வந்து, மூன்று பேர் தூக்கி, மாடிப்படியில் இரண்டு இடத்தில் இளைப்பாறி, என் மேசைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டார்கள். நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம். பொருள்: காய்ப்புழுவைத் தானே சாகடிக்கும் கத்திரிக்காய். அதற்காக வேறொரு உயிரின் ஜீனை அதற்குள் வைத்திருக்கிறார்கள். புழு தின்றால் புழு சாகும், மனிதன் தின்றால் மனிதனுக்கு ஒன்றும் ஆகாது என்பது கம்பெனியின் கட்சி. அது சரிதானா என்று பார்த்துச் சொல்வது எங்கள் கடமை.

இதற்குச் சர்வதேச நெறிமுறை இருக்கிறது. அது சொல்வது எளிமையான விஷயம்தான். புதுக் காயை எடுத்துக்கொள். மக்கள் காலங்காலமாகச் சாப்பிட்டு வரும் பழைய காயை அதன் பக்கத்தில் வை. சத்து, நச்சு, ஒவ்வாமை என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார். எங்கே வித்தியாசம் தெரிகிறதோ அங்கே இன்னும் நன்றாகப் பார். பல நாடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுக்குக் காரியம் நடக்கிறது. அவர்களிடம் எங்கள் படிவம் இல்லை.

எங்கள் படிவத்தில் அறுபத்து நான்கு கட்டங்கள். கம்பெனிக்காரர்கள் அறுபத்து மூன்றை நிரப்பியிருந்தார்கள். பதினேழாம் கட்டம் மட்டும் காலி. 'ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படும் பழைய காயின் பெயர், கிடைக்குமிடம், அது பாதுகாப்பாக உண்ணப்பட்டு வந்த வரலாறு. தக்க ஆதாரம் இணைக்க. அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்று அதில் இருந்தது. அதை நாங்கள்தான் நிரப்ப வேண்டும்.

எங்கள் இணை இயக்குநர் சுந்தரராஜுலு ஐயாவுக்கு உணவுப் பாதுகாப்பில் சொந்த முறையிலும் அக்கறை உண்டு. காலையில் ரேஸ்கோர்ஸில் நடந்துவிட்டு, பக்கத்தில் ஒரு இயற்கைக் கடையில் 'மரபணு மாற்றம் செய்யப்படாதது' என்று லேபிள் ஒட்டிய உப்பு வாங்கி வருவார். அதே லேபிள் ஒட்டிய தண்ணீர்ப் பாட்டிலும் அவர் மேசையில் இருக்கும். உப்பில் ஜீனே கிடையாதே சார் என்று தொழில்நுட்ப அலுவலர் சண்முகப்ரியா ஒருநாள் சொன்னார். வேளாண்மை முதுகலை படித்த பெண். உள்ளதைச் சொல்லிவிடும் பழக்கம் உண்டு. அதற்கு ஐயா, "இல்லைன்னு இவங்க எழுதிக் குடுத்திருக்காங்கம்மா. மத்த உப்புக்காரங்க யாரும் எழுதிக் குடுக்கலையே," என்றார்.

பதினேழாம் கட்டத்தையும் அவர் அதே கண்ணோடு பார்த்தார்.

"கத்திரிக்காய்தானுங்க சார். தொன்றுதொட்டுச் சாப்பிட்டு வர்றோம்னு ஒரு வரி எழுதினாப் போதும்," என்றார் சண்முகப்ரியா.

"தொன்றுதொட்டுன்னா எந்தத் தேதியிலிருந்து?"

"தேதி எப்படிங்க சார் தெரியும்?"

"பாத்தீங்களா. புதுக் காய்க்கு நாலாயிரத்துச் சொச்சம் பக்கம் இருக்கு. அது என்னிக்கு மொளைச்சுது, எந்த எலி தின்னுச்சு, தின்ன எலி எத்தனை கிராம்னு எல்லாம் இருக்கு. பழைய காய்க்கு ஒரு பக்கம்கூட இல்லை. இப்ப நீங்களே சொல்லுங்க, இதுல எதும்மா சந்தேகத்துக்குரிய காய்?"

சண்முகப்ரியா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐயா அதற்குள் ஜீப்பைக் கூப்பிடச் சொல்லிவிட்டார். பழைய காயை நேரில் ஆய்வு செய்வது என்று முடிவாகியிருந்தது.

நாட்டில் கத்திரிக்காய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் அன்று திங்கட்கிழமை, பிரதோஷம். ஐயா அவிநாசி கோயிலுக்குப் போகிற நாள். அவிநாசி வழியில் கத்திரிக்காய் யார் போடுகிறார்கள் என்று கேண்டீன் நடத்தும் சூசைமேரியிடம் கேட்டோம். ராசப்பன் என்று ஒருவர் இருக்கிறார், ஒன்பது வருடமாக நம் கேண்டீனுக்கு வருவதே அவர் காய்தான் என்று அந்தம்மா பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமைக்காக அவர் பின்னால் மிகவும் வருத்தப்பட்டார்.

ராசப்பனும் அவர் மனைவி ராமாத்தாளும் அரை ஆயுள் வரைக்கும் அடுத்தவர் காடு தோட்டத்தில் கூலிக்குப் பாடுபட்டவர்கள். பிறகு அரை ஏக்கர் சொந்தமாக வாங்கி, அதில் வரிக்கத்திரி போட்டார்கள். வெள்ளையில் ஊதா வரி ஓடிய சின்னக் காய். ராமாத்தாள் காங்கேயத்துப் பக்கம் பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்த விதை. பக்கத்துக் காடுகளில் எல்லோரும் பாக்கெட் விதைக்கு மாறி வெகுநாள் ஆகிவிட்டது. இந்த விதை இவர்களிடம் மட்டும்தான் இருந்தது. அந்தக் காயில் சூசைமேரி செய்யும் எண்ணெய்க் கத்திரிக்காயைச் சாப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அது கெட்டுப்போகக் கூடாத விதை.

ஜீப்பைப் பார்த்ததும் ராசப்பன் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கட்டிலைத் துடைத்து உட்கார வைத்தார். ராமாத்தாள் மோர் கொண்டு வந்து கொடுத்தார். எல்லோரும் குடித்து முடித்ததும் ஐயா படிவத்தை எடுத்து, இந்தக் காயைச் சாப்பிட்டு யாருக்காவது ஏதாவது கெடுதல் ஆனதுண்டா என்று கேட்டார்.

இங்கேதான் எங்கள் சீமையின் குணத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வீடு தேடி வந்தவர் ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லி அனுப்ப எங்கள் ஆட்களுக்கு மனசு வராது. கடைக்காரர்கூடச் சரக்கு இல்லையென்றால் நாளைக்கு வந்துவிடும் என்றுதான் சொல்வார். இத்தனை பெரிய அதிகாரி, வெயிலில் இத்தனை தூரம் வந்து ஒரு கெடுதல் கேட்கிறார். ராசப்பன் மேலே பார்த்துக் கீழே பார்த்து யோசித்தார்.

"பெருசா ஒண்ணுமில்லீங்க. சொறி செரங்கு இருக்கறவங்க தின்னா மட்டும் கொஞ்சம் அரிக்குமுங்க. அது எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதானுங்களே."

'ஒவ்வாமை: உண்டு. உற்பத்தியாளரே ஒப்புக்கொண்டார்' என்று ஐயா எழுதினார். பிறகு ஒரு காயைப் பறித்துக் கத்தியால் பிளந்தார். உள்ளே ஒரு புழு இருந்தது.

"இது என்னங்க?"

"புழுவுங்க. அது பாட்டுக்கு இருக்குமுங்க."

"தின்னுட்டு நல்லாத்தான் இருக்குதா?"

"நம்மள விட நல்லா இருக்குதுங்க. அதுக்கு ஒரு கொறையும் இல்லீங்க."

சண்முகப்ரியாவின் முகம் மலர்ந்தது. சாட்சி சொல்ல ஒரு உயிராவது கிடைத்ததே என்று நினைத்திருப்பார். ஐயா தலையை ஆட்டினார். புதுக் காயில் புழு சாகிறது, இந்தக் காயில் புழு சாகவில்லை, ஆகவே இந்தக் காய் புதுக் காய்க்குச் சமமில்லை, சமமில்லாத காயைப் பாதுகாப்பான காய் என்று எப்படி எழுதுவது என்று கேட்டார். புதுக் காயில் அந்த ஜீன் உண்டாக்கும் புரதம் புழுவின் வயிற்றில் மட்டும் வேலை செய்வது, கம்பெனி அதைத் தனியாகச் சோதித்துக் காட்டியிருக்கிறது, நாம் சோதிக்க வந்தது புதுக் காயைத்தான், பழையதை அல்ல என்று சண்முகப்ரியா பொறுமையாகச் சொன்னார். புதுக் காய்க்குக் கோப்பு இருக்கிறது என்று ஐயா சொன்னார். தராசில் எடைக்கல்லும் சரக்கும் அங்கேயே இடம் மாறிப்போயின. யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் என் வேலை எண் போடுவது.

மறுநாளே இடைக்கால ஆணை தயாரானது. அது மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் தயாரானது என்று கேட்கிறீர்கள். தடை ஆணைகளுக்கு எங்களிடம் அச்சடித்த தாள் இருக்கிறது. பெயரை மட்டும் எழுதினால் போதும். கையோடு கொடுப்பதால் எண்ணும் வேண்டியதில்லை. 'மேற்படி காயின் பாதுகாப்பு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படும் வரை அதனை விற்கவோ, சமைக்கவோ, உண்ணவோ, உறவினர்க்கு வழங்கவோ கூடாது' என்று அதில் இருந்தது. நான்கு நாளுக்கு ஒருமுறை காயைப் பறித்து, குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். ஒரு காயும் செடியிலேயே பழுத்துவிடக் கூடாது. பழுத்தால் விதை சுற்றுச்சூழலில் பரவும் அபாயம் இருக்கிறதாம். அது மரபணு மாற்றிய பயிரின் சோதனை வயலுக்கு எழுதிய விதி. எங்கள் அச்சுத்தாளில் அது ஏற்கெனவே இருந்ததால் ராசப்பனுக்கும் கிடைத்தது. வீட்டில் இருந்த விதை டப்பாவுக்கு அரக்கு வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். அவர்கள் அதை அரைத்துப் பார்த்து, சத்துகள் இயல்பான அளவில் உள்ளன, மாதிரி தீர்ந்துவிட்டது என்று இரண்டு வரியில் எழுதினார்கள்.

குழிக்குச் சாட்சியாக நான் நியமிக்கப்பட்டேன். நான்கு நாளுக்கு ஒருமுறை அவிநாசி பஸ் ஏறிப் போவேன். ராசப்பன் கூடை கூடையாகக் கொட்டுவார். மேலே சுண்ணாம்பு விழுந்ததும் ஊதா வரிகள் தெரியாமல் போகும். நான் கையெழுத்துப் போடுவேன். முதல் தடவையே ராமாத்தாள் வீட்டுக்குள் போய்விட்டார். ஆனால் நான் கிளம்பும்போது மோர் மட்டும் தவறாமல் வந்தது.

இதற்கிடையே பதினேழாம் கட்டத்துக்கு ஆதாரம் திரட்டும் பணி நடந்தது. இந்தக் காயைச் சாப்பிட்டவர்கள் பட்டியலை ஆதார் அட்டை நகலோடு தரும்படி ராசப்பனைக் கேட்டோம். சாப்பிட்டு இறந்தவர்கள் இருந்தால் இறப்புச் சான்றிதழும் வேண்டும் என்றோம். பட்டியலில் ராமாத்தாளின் அப்பா இருந்தார். எழுபத்தாறு வயதில் தென்னை மரத்திலிருந்து விழுந்து இறந்தவர். கத்திரிக்காய் தின்றதால் ஏற்பட்ட மயக்கத்தில் விழவில்லை என்று யாரிடமாவது சான்று வாங்கி வரச் சொன்னோம். ராசப்பன் செரிங்க என்று சொல்லிவிட்டுப் போனார். கிராம நிர்வாக அலுவலகத்தில் என்ன கேட்டாரோ தெரியாது, நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்து, மரம் இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் அதைக் காட்டுகிறேன் என்றார்.

அப்போதுதான் சண்முகப்ரியாவுக்கு அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை. இந்தக் கதையில் நடந்த எல்லாக் கெடுதலும் நல்ல யோசனையால் வந்ததுதான்.

இந்தக் காயை ஒன்பது வருடமாக ஆதாரத்தோடு சாப்பிட்டவர்கள் நாமே அல்லவா என்றார் அவர். புதன், வெள்ளி இரண்டு நாளும் கேண்டீனில் கத்திரிக்காய். சூசைமேரியிடம் டோக்கன் கட்டுகள் இருக்கின்றன. நம்மிடம் வருகைப் பதிவேடு இருக்கிறது. இருபத்து மூன்று பேர், ஒன்பது வருடம். உலகத்தில் எந்த எலியையும் இவ்வளவு காலம் வைத்துப் பார்த்ததில்லை. ஐயா மகிழ்ந்துபோனார். எலிகள் இடத்தில் எங்கள் பெயர்களைப் பணி மூப்பு வரிசையில் எழுதினோம். முதல் எலி ஐயா.

சாப்பிட்ட பின் காணப்பட்ட விளைவுகள் என்று ஒரு உட்பிரிவு இருந்தது. சண்முகப்ரியா அதையும் உள்ளபடி நிரப்பிக்கொண்டு வந்தார்.

"கத்திரிக்காய் போட்ட நாள்ல மதியம் ஒண்ணரைக்கு மேல ஒரு ஃபைல்கூட நகரலைங்க சார். ஒன்பது வருசத்துலயும்."

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "மத்த நாள்ல?"

"அதையும் எடுக்கட்டுங்களா சார்?"

"வேண்டாம். படிவத்துல கேக்கலை."

செய்தி பரவியதும் அலுவலகமே ஒருவிதமாக மலர்ந்தது. நாற்பத்திரண்டு என்ற எண்ணுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே. நான் சோம்பேறி என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் என் மனைவி டீனாவிடம் அன்று சாயங்காலமே போன் செய்து, என்னிடம் தவறில்லை, காயில்தான் என்று சொன்னேன். சங்கத்துக்காரர்கள் பாதிக்கப்பட்ட ஊழியர்களுக்குச் சிறப்பு மருத்துவ விடுப்பு கேட்டு மனு எழுதினார்கள். ஐயா மட்டும் மகிழவில்லை. காய் கெட்டது என்று எழுதினால், உணவுப் பாதுகாப்பு அலுவலகமே ஒன்பது வருடம் பாதுகாப்பற்ற உணவைச் சாப்பிட்டிருக்கிறது என்று மேலிடம் கேட்கும். காய் நல்லது என்று எழுதினால், அப்புறம் கோப்பு ஏன் நகரவில்லை என்று கேட்கும். இரண்டு நாள் அவர் அந்த லேபிள் ஒட்டிய தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் தொண்ணூறு நாள் சோதனைக்கு உத்தரவிட்டார். எலிகளுக்கு அதுதான் கணக்காம். தொண்ணூறு நாள் கேண்டீனில் கத்திரிக்காய் கிடையாது. அந்தக் காலத்தில் கோப்புகள் நகர்ந்தால் காய் குற்றவாளி. நகராவிட்டால் காய் நிரபராதி.

அன்று மதியம் சூசைமேரி சுரைக்காய்க் கூட்டு வாளியோடு ஒவ்வொரு மேசையாக வந்தார். என் தட்டில் ஊற்றிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், அந்த மனுசன் பாவமுங்க. தொண்ணூறு நாளைக்கு மட்டும் ஒரு ஃபைலையும் நகத்தாம இருந்துருங்க. உங்களால முடியுமுங்க."

எங்கள் திறமையின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

நாங்கள் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினோம். இதை நான் பெருமையோடு சொல்வேன். அதுவரை பழக்கத்தால் செய்யாமல் இருந்த வேலையை, அந்தத் தொண்ணூறு நாளும் ஒரு ஏழைக்காக, தெரிந்தே, மனசாரச் செய்யாமல் இருந்தோம். சண்முகப்ரியாவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. கை பரபரத்தது. இரண்டு முறை கோப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசை வரை வந்துவிட்டார். ராசப்பனை நினைத்துப் பாருங்க அம்மணி என்றேன். திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார். நாற்பத்தோராம் நாள் என்னுடைய விடுப்பு விண்ணப்பம் ஒன்று எப்படியோ நகர்ந்து கையெழுத்தாகிவிட்டது. எல்லோரும் கூடிப் பேசி, விடுப்பு விண்ணப்பம் கோப்பு ஆகாது என்று தீர்மானித்தோம்.

தொண்ணூறு நாளும் முடிந்தன. போகிற எண் நாற்பத்திரண்டு. காய் நிரபராதி என்று சர்வதேச நெறிமுறைப்படி நிரூபணமானது. சூசைமேரி எல்லோருக்கும் கேசரி கொடுத்தார். தடை நீக்க ஆணையைச் சண்முகப்ரியாவே தட்டச்சு செய்து, ஐயாவிடம் கையெழுத்து வாங்கி, என்னிடம் கொடுத்தார். இது விடுதலை ஆணை. இதற்கு எண் உண்டு. நான் பேனாவைத் திறந்தேன்.

"பிரகாசம், இது போச்சுன்னா நாப்பத்து மூணு ஆயிரும்," என்றார் ஐயா, என் பின்னால் நின்றபடி.

"ஆமாங்க சார்."

"கத்திரிக்காய் திங்காத காலத்துல ஒரு ஃபைல் நகர்ந்துச்சுன்னு பதிவாயிரும். அப்ப காய் குற்றவாளி. குற்றவாளிக்கு விடுதலை ஆணை எப்படி அனுப்பறது?"

"தின்னுட்டு அனுப்பலாமுங்களே சார்."

"திங்கறதுக்குத் தடை இருக்கே. தடை போகோணும்னா இந்த ஆணை போகோணும்."

இதில் பிழை கண்டுபிடிக்க நான் அன்று முழுக்க முயன்றேன். கிடைக்கவில்லை. பதினொரு நாள் அந்த ஆணை என் மேசையில், டீ பிளாஸ்குக்கு அடியில் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில் ராசப்பன் வந்தார். சட்டைப் பட்டனை மேல்வரை போட்டிருந்தார். மெலிந்திருந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. வந்ததும் அதை என் மேசைமேல் வைத்தார். உள்ளே நான்கு வரிக்கத்திரிக்காய்கள். இது எப்படி அண்ணா, எல்லாம் குழிக்குத்தானே போச்சு என்று கேட்டேன்.

"மோட்டார் ரூமு மறவுல ஒத்தச் செடி இருந்துச்சுங்க," என்று சொல்லிச் சிரித்தார். "ஆர்டர் ஏதாச்சும் ஆச்சுங்களா?"

நான் அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். காய் நிரபராதி என்பதையும், அந்தத் தாள் நகர்ந்தால் அது நிரபராதி அல்ல என்று ஆகிவிடும் என்பதையும் இரண்டு முறை சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் செரிங்க என்றார். கடைசியில் எழுந்து, பாத்துச் செஞ்சு போடுங்க என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவர் போன பிறகுதான் எனக்கு அந்தப் பையின் அர்த்தம் விளங்கியது. வழி என் மேசைமேலேயே இருக்கிறது. நான்கு காயையும் எடுத்துக்கொண்டு ஐயாவிடம் ஓடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோப்புக்காக ஓடினேன். இதைப் பொதுமக்கள் உண்பது தடை செய்யப்பட்டது, மதிப்பீட்டு அலுவலர்கள் பரிசோதனைக்காக உட்கொள்வது தடை செய்யப்படவில்லை என்று எடுத்துச் சொன்னேன். ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் உம்மைப் பதிவறையில் வைத்திருந்தது தவறு என்றார்.

சூசைமேரி எண்ணெய் விட்டு வதக்கிக் கொண்டு வந்தார். ஐயா, நான், சண்முகப்ரியா, சூசைமேரி, ஆளுக்கு ஒரு காய். கொஞ்சம் முத்தலாக இருக்கிறது, விதை அதிகம் என்றார் ஐயா. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் மூன்று மாதச் சுரைக்காய்க்குப் பிறகு யார் குறை சொல்வார்கள். சண்முகப்ரியா மட்டும் ஒரு துண்டைப் பிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னம்மா என்றேன். ஒன்றுமில்லை என்று சாப்பிட்டுவிட்டார். கண் சொக்குவதற்குள் மேசைக்குப் போய் நாற்பத்து மூன்று என்று எண் போட்டேன்.

ஆணையை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கூடவே இரண்டாவதாக ஒரு தாளையும் கொடுத்தனுப்பினார்கள். பாதுகாப்பானது என்று இப்போது சான்று பெற்றுவிட்டதால், மேற்படி காய் அதிகாரபூர்வ ஒப்பீட்டுக் காய் ஆகிறது; ஆகவே புதுக் காயோடு ஒப்பிடுவதற்கு நூறு கிலோ காயை ஏழு நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ராசப்பனுக்கு இது கௌரவம் என்றுதான் பஸ்ஸில் போகும்போது நினைத்தேன்.

காட்டில் செடி இல்லை. உழுது சோளம் விதைத்திருந்தார்கள். குழி இருந்த இடத்தில் மட்டும் மண் வெளுத்திருந்தது. ராசப்பன் கட்டிலைத் துடைத்துப்போட்டார். நான் இரண்டு தாளையும் சத்தமாகப் படித்தேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"காய் ஏதுங்க சார். செடி வயசாயிப் போச்சுங்க. புடுங்கிப் போட்டனுங்க."

மறுபடியும் விதைத்துவிடலாமே, விதைக்கு என்ன என்று கேட்டேன். டப்பாவை அரைத்தது அப்போது எனக்கு ஞாபகத்தில் இல்லை.

"வெதைக்குன்னு உங்குளுக்குத் தெரியாம ஒத்தச் செடியில விட்டிருந்தனுங்க. நாலு காய். இன்னொரு இருவது நாள் இருந்தாப் பழுத்திருக்குமுங்க."

"எந்த நாலு காய்?"

கேட்ட பிறகுதான் என் மேசைமேல் அவர் வைத்த மஞ்சப்பை ஞாபகம் வந்தது. எனக்கு நாக்கில் அந்த முத்தல் கசப்பு திரும்பி வந்தது.

"ஏனுங்கண்ணா அதைப் போய்ப் பறிச்சீங்க?"

"உங்களப் பாக்க வரயில வெறுங்கையோட எப்படிங்க வாரது?" என்றார் ராசப்பன். தப்பு செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

ராமாத்தாள் அன்று வெளியே வரவில்லை. மோர் மட்டும் வந்தது. ராசப்பனே கொண்டு வந்து கொடுத்தார். நான் குடித்தேன். அந்த வெட்கத்தை இன்னும் என்னால் செரிக்க முடியவில்லை.

அலுவலகத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். சண்முகப்ரியா எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். ஐயா கம்பெனியின் கோப்பை எடுத்துப் பிரித்தார். பிறகு, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய காய் எதுவும் இல்லாததால் புதுக் காய்க்கும் பழைய காய்க்கும் வித்தியாசம் எதுவும் காண முடியவில்லை என்று ஒரு குறிப்பு எழுதினார். அதன் கீழே பதினேழாம் கட்டத்தைத் தன் கையாலேயே நிரப்பினார். 'ஒப்பீட்டுக் காய்: வரிக்கத்திரி. இருப்பு முழுவதும் மதிப்பீட்டு அலுவலர்களால் உட்கொள்ளப்பட்டது. பாதகமான விளைவு ஏதும் காணப்படவில்லை.'

என்னிடம் நீட்டினார். நாற்பத்து நான்கு என்று எண் போட்டேன். அந்தக் கோப்பு அன்றைக்கே நகர்ந்தது.